கைபேசியின் கணக்கில் காவிரித் தண்ணீரும் உண்டு

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயில் வாசல் பூக்கடையிலிருந்து நெசவாளர் வீட்டுத் திண்ணை வரை எல்லா வியாபாரத்திலும் கைபேசி நுழைந்துவிட்டது. அது மண்ணுக்கும் நீருக்கும் என்ன செய்கிறது என்று கேட்டால், "காகிதமே இல்லை, எல்லாம் சுத்தம்" என்பார் ஒருவர். "வீடியோ பார்ப்பதே பூமிக்குக் கேடு" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை. அடிக்கடி காதில் விழும் ஐந்து நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: கடையும் காகிதமும் இல்லாமல் போனிலேயே விற்றால் மாசே இல்லை.

உண்மை: தறியிலிருந்து அறுத்த புடவையைக் காலை வெளிச்சத்தில் திண்ணையில் விரித்து, முந்தானை ஜரிகை தெரியும்படி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் நெசவாளர். வாங்குபவருக்குக் கும்பகோணம் வந்துபோகும் பயணம் மிச்சம். அது உண்மையான ஆதாயம். ஆனால் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் கொதிநீரும், கழுவி ஊற்றும் சாயக் கழிவும் அப்படியேதான் இருக்கின்றன. போனுக்கும் தனிச் சுமை உண்டு. ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்பே, சுரங்கத்திலும் சிப் ஆலையிலும் வெளியேறிவிடுகிறது. நாம் போடும் சார்ஜ் அதற்கு முன் சொற்பம். இரண்டு ஆண்டில் மாற்றும் போனை நான்கு ஆண்டு வைத்திருந்தால், தயாரிப்புச் சுமை ஆண்டுக்குப் பாதியாகக் குறையும். பேட்டரியை மாற்றித் தரும் கடைக்காரர் செய்வது நல்ல சூழல் பணி.

நம்பிக்கை 2: அரை மணி நேரம் வீடியோ பார்ப்பது ஆறு கிலோமீட்டர் கார் ஓட்டுவதற்குச் சமம்.

உண்மை: பிரான்சின் ஷிஃப்ட் ப்ராஜெக்ட் அமைப்பின் பெயரில் 2019-இல் உலகெங்கும் பரவிய கணக்கு இது. பிட்டையும் பைட்டையும் மாற்றிச் சொன்னதால் எட்டு மடங்கு கூடிவிட்டது என்று 2020-இல் அந்த அமைப்பே திருத்தியது. திருத்திய பிறகும் அது அதிகம்தான் என்றது சர்வதேச எரிசக்தி முகமை. ஒரு மணி நேர வீடியோவுக்குச் சராசரியாகச் சுமார் 36 கிராம் கரியமில வாயு என்பது அதன் கணிப்பு. ஆகவே இரவில் பழைய பாட்டுப் பார்க்கும் பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம். கவலைப்பட வேண்டியது மொத்தத் தொகையைப் பற்றி. அதை ஐந்தாவதில் பார்ப்போம்.

நம்பிக்கை 3: போனிலிருந்தே மோட்டாரை இயக்கினால் தண்ணீர் தானாக மிச்சமாகும்.

உண்மை: கைபேசி ஸ்டார்ட்டரால் விவசாயிக்கு நிம்மதி உண்டு. பாம்புக்குப் பயந்து நடுராத்திரியில் மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் பாசன மின்சாரம் இலவசம். விரல் நுனியில் மோட்டார் ஓடும் என்றால், தேவையில்லாத நேரத்திலும் ஓடும். உண்மையில் தண்ணீரைச் சேமிப்பது நம் வழக்கத்தில் உள்ள காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக் கூடாது. இதனால் 30 விழுக்காடு வரை நீர் மிச்சம், மீத்தேன் சுமார் பாதியாகக் குறையும் என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். குழாயை எட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரை நிறுத்துபவர் கையில்தான் அந்த ஸ்டார்ட்டர் பயன் தரும்.

நம்பிக்கை 4: பழைய போனைக் காயலான் கடையில் போட்டால் மறுசுழற்சி ஆகிவிடும்.

உண்மை: 2022-இல் உலகம் ஒதுக்கித் தள்ளிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு மட்டுமே. மீதியில் பெரும்பங்கு குப்பைமேட்டுக்கும் முறைசாராப் பட்டறைகளுக்கும் போகிறது. அங்கே தாமிரத்துக்காக ஒயரை எரிக்கிறார்கள், தங்கத்துக்காக மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். ஈயமும் அமிலமும் முதலில் சேர்வது அந்தத் தொழிலாளியின் உடம்பில், பிறகு பக்கத்து வாய்க்காலில். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. ஆனால் சேகரிப்பு மையம் சின்ன ஊர்களுக்கும் வந்தால்தான் அந்த விதிக்கு உயிர் வரும். அதைக் கேட்டு வாங்குவது நகராட்சி, பேரூராட்சிகளின் வேலை.

நம்பிக்கை 5: "கிளவுட்" எங்கோ இருக்கிறது, காவிரி டெல்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: நாம் அனுப்பும் படமும் பணமும் தங்குவது தரவு மையங்களில். அவை குவிந்துள்ள முக்கியமான இந்திய நகரங்களில் சென்னையும் ஒன்று. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய மையங்கள் உள்ளன. 2021-இல் தமிழ்நாடு அரசு தரவு மையங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2024-இல் உலகத் தரவு மையங்கள் செலவழித்தது சுமார் 41,500 கோடி யூனிட், அதாவது உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு. 2030-இல் இது இரட்டிப்பையும் தாண்டும் என்கிறது எரிசக்தி முகமை. செயற்கை நுண்ணறிவு அதற்கு முக்கியக் காரணம். இந்த இயந்திரங்களைக் குளிர்விக்கப் பல இடங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள்.

சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு காவிரியிலிருந்து. கொள்ளிடத்தின் கீழணையில் பிரிந்து வடவாறு வழியே வீராணம் ஏரியை அடையும் நீர், 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான குழாய்ப் பாதையில் தலைநகருக்குப் போகிறது. அதே ஏரியை நம்பிச் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் இருக்கிறது. சென்னையின் தாகம் கூடினால் அதன் அழுத்தம் இங்கேதான் விழும்.

இதற்குத் தீர்வும் சென்னையிலேயே இருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு ஆலைகள் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றதாகச் சுத்திகரிக்கக் கட்டப்பட்டவை. புதிய தரவு மையத்துக்கு அனுமதி தரும்போதே, "குளிர்விக்க நன்னீர் கிடையாது, சுத்திகரித்த நீர் மட்டும்" என்று அரசு நிபந்தனை போட வேண்டும். எவ்வளவு நீர், எவ்வளவு மின்சாரம் என்பதை ஒவ்வொரு மையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா என்று ஆண்டுதோறும் கேட்கும் டெல்டா விவசாயிக்கு, இந்தக் கணக்கையும் கேட்க முழு உரிமை உண்டு. கேட்க வேண்டும்.