எந்த இடத்துல, டீச்சர்?

கோவில்பட்டி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் வந்தது. பாளையக்காரர் பாடம் நடத்தும்போது, கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை உன் பள்ளிக்கூடம் இருக்கிற நாகலாபுரத்தில்தான் தூக்கிலிட்டார்கள் என்று நீ சொன்னதும், கடைசி வரிசைப் பையன் எழுந்து, "எந்த இடத்துல, டீச்சர்?" என்று கேட்டானாம். "பாடத்த முடிச்சிட்டுப் பாப்போம்" என்று உட்கார வைத்துவிட்டாயாம். அதே கடிதத்தின் கீழேயே, பயிற்சியில் சொன்ன வினாவழிக் கற்றல் நம்ம பிள்ளைகளுக்குச் சரிப்படாது, கேள்வி கேளுங்கள் என்றால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்து ஒருமுறை வாசித்துப் பார், தாயி.

உன்மேல் குறை இல்லை. பதில் தெரியாமல் வகுப்பில் நிற்பது எப்படி என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "உங்கள் ஊர் வரலாற்றைக் கண்டுபிடித்து எழுதி வாருங்கள்" என்று பிள்ளைகளை அனுப்பினேன். நாற்பது பேரும் ஒரே நோட்ஸைப் பார்த்து எழுதி வந்தார்கள். கோபப்பட்டேன். அது தவறு. கேள்வி அவர்கள் கைக்கு அடங்காத அளவு பெரிது. கரிசலில் ஏர் பூட்டுமுன் பதம் பார்ப்பார்கள்: ஈரம் கூடினால் மண் ஒட்டும், காய்ந்தால் கட்டி பெயரும். கேள்விக்கும் அப்படி ஒரு பதம் வேண்டும்.

அந்தப் பையன் கேட்டது சரியான பதத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போ. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்கக் கட்டபொம்மன் போனபோது, சுப்பிரமணிய பிள்ளை கும்பெனியாரிடம் பிடிபட்டார். பிறகு அவர்களே விடுவித்தார்கள். ஜாக்சனின் பதவிதான் போயிற்று. மறு வருஷம் 1799இல் அதே மனிதரைக் கும்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் தூக்கிலிடுகிறார். தூக்கு நாகலாபுரத்தில், தலையைக் குத்தி வைத்தது கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியில். ஒரு வருஷத்துக்குள் என்ன மாறியது? ஏன் உங்கள் ஊர்? நாகலாபுரம் பாளையம் அப்போது யார் பக்கம் நின்றது? வரைபடத்தில் அளவுகோல் வைத்து இரண்டு ஊருக்கும் தூரம் பார்க்கச் சொல். மாட்டுவண்டியில் எத்தனை நாள், குதிரையில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடட்டும். ஒரு தண்டனையை யார் யார் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்ற கேள்வி அங்கிருந்து தானாகவே வந்துவிடும்.

அடுத்து, "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேள். சமூக அறிவியல் ஆசிரியர் வருஷம் பூராவும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கும்பெனி அதிகாரிகள் மதராசுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பக்கம். அந்த ஆவணங்களைப் பார்த்துக் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் 1881இல் வந்தது. சுப்பிரமணிய பிள்ளையைத் தானாபதிப் பிள்ளை என்று பாடுகிற கட்டபொம்மு கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்தார். பிள்ளைகள் மனதில் நிற்பதோ 1959இல் வந்த கட்டபொம்மன் சினிமா. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட நாள்கூட அக்டோபர் 16 என்றும் 17 என்றும் நூலுக்கு நூல் மாறுகிறது. அந்த ஒரு நாள் வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடு. புத்தகத்தில் அச்சானது எல்லாம் ஒரு மனிதர் எழுதியது என்பது பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

இதையெல்லாம் தனியாளாக உன்னால் செய்ய முடியாது. பெரியப்பா அழுத்திச் சொல்ல வந்ததே இதுதான். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் தொடங்கியது. அதன் வழியில், 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு சில அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியலையும் அதே முறையில் நடத்திப் பார்த்தது. அங்கே தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினார்கள், ஆகவே மனப்பாடம் உதவவில்லை. அறிவியல் திட்டத்துப் பிள்ளைகள் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: ஆசிரியர்கள் மாதந்தோறும் ஒன்றுகூடினார்கள். எந்த வகுப்பு ஓடவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார்கள். 2002இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. அது நின்றதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

நமக்குக் குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. வானரமுட்டியில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. படிவம் நிரப்புவதோடு அந்தக் கூட்டம் முடியக் கூடாது. உன் பாடம் எடுக்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொள். மூன்று பேரும் ஒரே கேள்வியை முதலில் நீங்களே தேடிப் பாருங்கள். பிறகு ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, டீச்சர் எத்தனை நிமிஷம் பேசினார், பிள்ளைகள் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று மட்டும் குறிக்கட்டும். எனக்கு ஒருவர் அப்படிக் குறித்துக் கொடுத்தார். நாற்பது நிமிஷத்தில் முப்பத்தாறு நான் பேசியிருந்தேன். எந்தப் பயிற்சியும் எனக்கு அந்த அளவு உதவியதில்லை.

தேர்வு பற்றிக் கேட்டிருந்தாய். மதிப்பீட்டுக்குச் செயல்பாடு காட்டத்தான் வேண்டும். வண்ணத்தாள் ஒட்டிய ஆல்பத்துக்குப் பதிலாக இந்தத் தேடலையே வை. பாடம் பின்தங்குகிறது என்று தலைமையாசிரியர் சொன்னால் வாதாடாதே. பருவத்துக்கு ஒரே ஒரு பாடத்தை இப்படி நடத்துகிறேன், மற்றதை வழக்கம்போல் முடிக்கிறேன் என்று கேள்.

அவரிடம் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம்ம பக்கத்தில் பாளையக் கதையைத் தொட்டால் சாதி வந்து நிற்கும். யார் வீரன், யார் காட்டிக் கொடுத்தவன் என்று பிள்ளைகள் வீட்டுப் பேச்சை வகுப்புக்குக் கொண்டு வருவார்கள். மறுநாள் யாராவது தகப்பனார் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம். அதற்குப் பயந்து கேள்வியை விட்டுவிடாதே. யாருடைய தாத்தாவைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதில்லை, சொல்கிற எதற்கும் எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும் என்ற இரண்டு விதிகளை முதல் நாளே பலகையில் எழுது. வாசலில் ஆள் வந்து நின்றால் தலைமையாசிரியர் உன் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வார்த்தையை அவரிடம் இப்போதே வாங்கிக்கொள்.

கால்டுவெல் நூலில் நமக்கு வேண்டிய பக்கங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நடை கொஞ்சம் கடினம். எட்டாம் வகுப்புக்குத் தகுந்தாற்போல் பத்து வரியில் நீ எழுதிக்கொள். திங்கட்கிழமை அந்தப் பையனை எழுப்பி, "எனக்கும் தெரியாதுப்பா, யாரைக் கேட்டா தெரியும்?" என்று கேள். அவன் யார் பேரைச் சொல்கிறான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா