பகலில் ஈப்போ வெயில், இரவில் கேமரன் குளிர்: தோலுக்குச் சில குறிப்புகள்

சிம்பாங் பூலாயில் திரும்பி மலையேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கேமரன் மலை. கீழே பகலில் 33, 34 டிகிரி கொளுத்துகிறது. மேலே இரவில் 15, 16-க்கு இறங்குகிறது. மலைக்கே போகாதவர்களுக்கும் தொழிற்சாலை ஏர்கோனும், கோலாலம்பூர் போகும் எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் குளிரும் இருக்கின்றன. பேராக்கில் வாழும் நம் தோல் வெயில், குளிர் இரண்டையும் ஒரே வாரத்தில், சில சமயம் ஒரே நாளில் பார்த்துவிடுகிறது.

1. உச்சி வெயில் 12 மணிக்கு என்று நினைக்காதீர்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. துணி காயப்போடுவது, சந்தைக்கு நடப்பது, பிள்ளைகளை விளையாட விடுவது எல்லாம் காலை பத்தரைக்கு முன்போ மாலை நான்கரைக்குப் பின்போ இருக்கட்டும். கையில் கடிகாரம் இல்லையா? உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுந்தால் வெயில் கடுமை என்று அர்த்தம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் ஈப்போவில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்; அந்த வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

2. முதல் பாதுகாப்பு துணி. கிரீம் அதற்கு அடுத்ததுதான். பால்மரம் வெட்டப் போன நம் அம்மாக்கள், பாட்டிகள் உடுத்திய விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கைலிக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு. தலையில் துண்டை மடித்துப் போட்டுக் காதும் பின்கழுத்தும் மறைய இழுத்துக் கட்டி, அதன்மேல் தொப்பி. கொசுவுக்கும் பால் கறைக்கும் பயந்துதான் அப்படி உடுத்தினார்கள். விடிவதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டதால் வெட்டும் வேலையில் வெயில் குறைவு. ஆனால் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, கன்று வளரும் வரை நிழலே இல்லாத வெட்டவெளியில் புல் வெட்டியபோது அதே உடுப்புதான் அவர்கள் தோலைக் காத்தது. அந்த முறையை இன்று நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் வெயிலும் உள்ளே வரும். நைந்த வெள்ளை பனியன் போதாது. வியர்வையில் நனைந்தால் அது இன்னும் மோசம். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறத் துணி நல்லது.

3. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போடுவது நம் ஊர் வழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் புறங்கை வெயிலில் அப்படியே கிடக்கிறது. மெல்லிய கையுறை ஒன்றை வண்டிப் பெட்டியில் வைத்திருங்கள்.

4. சன்ஸ்கிரீன் வாங்கினால் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். பட்டாணி அளவு தொட்டுப் பூசினால் புட்டியில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வெளியே இறங்க இருபது நிமிடம் முன்பு பூசி, வியர்க்கும் வேலையானால் இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூசுங்கள். காது மடல், பின்கழுத்து, செருப்புக்கு வெளியே தெரியும் பாதம் மூன்றையும் மறந்துவிடுவோம். விலை உயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகத் தடவுவதைவிட, விலை குறைந்ததை வாங்கித் தாராளமாகப் பூசுவது மேல். காருக்குள் விட்டுவைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

5. கன்னத்தில் மங்கு விழுந்தவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். மங்கைக் கூட்டுவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு.

6. இந்தக் குறிப்பைத் தயவுசெய்து வீட்டில் இருக்கும் இளம் பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பாசார் மாலாமிலும் கைபேசி விற்பனையிலும் 'ஒரே வாரத்தில் வெள்ளை' என்று வரும் கிரீம்களைத் தொடாதீர்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவை கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது வெளியிட்டுத் தடை செய்கிறது. பாதரசம் தோலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசிய கையும் துண்டும் தலையணையும் பட்டு வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேரும். ஸ்டீராய்டு முதல் சில நாள் முகத்தைப் பளபளக்க வைக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிந்து சிவந்து, பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாகப் பொங்கும்.

முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு என்-ஓ-டி என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கும். அதை முகமையின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண்ணும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை என்றால் குப்பையில் போடுங்கள். கறுப்பு நிறம் நோயல்ல. அதற்கு மருந்து விற்கிறவர் நம் பிள்ளைகளின் தாழ்வு மனப்பான்மையில் காசு பார்க்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது.

7. எலுமிச்சைச் சாறு அல்லது லீமாவ் காஸ்தூரி பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பி, பிறகு கரும்பட்டையாக வாரக்கணக்கில் நிற்கும். பானக்கடையில் வேலை செய்கிறவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வரட்டும். முகம் வெளுக்க எலுமிச்சை பூசும் வழக்கத்தை இதோடு விட்டுவிடலாம்.

8. கேமரனில் குளிர்கிறது, அதனால் வெயில் சுடாது என்று நம்பி ஸ்ட்ராபெரித் தோட்டத்திலும் தேயிலைச் சரிவிலும் நாள் முழுக்கச் சுற்றுகிறோம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடும். பிரிஞ்சாங் கிட்டத்தட்ட 1,500 மீட்டர். மெல்லிய மேகம் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை. சில்லென்று காற்றடிப்பதால் தோல் சுடுவது தெரியாது, திரும்பி இறங்கியபின் மூக்கும் கன்னமும் காந்தும். ஆகவே ஸ்வெட்டர் எடுக்கும்போதே தொப்பியும் சன்ஸ்கிரீனும் எடுங்கள்.

தங்கும் விடுதியில் சுடச்சுடக் குளித்துக்கொண்டே நிற்பதும் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். வெதுவெதுப்பான நீர், பத்து நிமிடம், அவ்வளவுதான். துண்டால் ஒற்றியதும் ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் அல்லது வெசலின் பூசுங்கள். சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குப் போய் வந்தாலும் இதே முறைதான். உதடு வெடித்தால் நாக்கால் நனைக்காதீர்கள், இன்னும் காயும்.

9. ஏர்கோன் காற்றில் ஈரம் குறைவு. எட்டு மணி நேரம் உள்ளே இருப்பவர்களுக்குக் கணுக்காலிலும் முழங்கையிலும் சாம்பல் பூத்தது போலத் தெரியும். தேங்காய் எண்ணெய் இதற்கு நன்றாகவே உதவும், குளித்தவுடன் தேய்க்க வேண்டும். ஆனால் அதே எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று பூசிக்கொண்டு வெளியே போகாதீர்கள், தடுக்காது.

10. பாத வெடிப்புக்கு இரவில் யூரியா கலந்த கிரீம் தடவி, மேலே பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் வெந்நீரில் கால் ஊற வைக்கவே வேண்டாம், சூடு உறைக்காமல் வெந்துவிடும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம்.

தைப்பூசத்தில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குப் பால்குடத்தோடு வெறுங்காலில் நடக்கும் பெரியவர்கள் பலருக்கு நீரிழிவால் கால் மரத்திருக்கிறது. தார் ரோடு சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்து, புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைக்குப் போகலாம். நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. விடியுமுன் புறப்படுங்கள், தண்ணீர் ஊற்றிய பக்கமாக நடங்கள், கூட வருகிறவர் வழியில் உட்கார வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்க்கட்டும். கொப்புளம் தென்பட்டால் உடைக்காமல் அன்றைக்கே கிளினிக்.

11. வெயிலில் தோல் காந்தினால் குழாய்த் தண்ணீர் அல்லது ஈரத்துணி. பற்பசை, ஐஸ் கட்டி, வெண்ணெய் எதுவும் வேண்டாம். நிறைய தண்ணீர் குடியுங்கள். காய்ச்சலோ பெரிய கொப்புளமோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள்.

12. இடுப்பிலும் அக்குளிலும் வட்டமாக அரித்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. பக்கத்து வீட்டில் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

13. சில இரத்த அழுத்த மாத்திரைகளும், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும் தோலை வெயிலுக்குச் சீக்கிரம் கன்ற வைக்கும். வெயில் பட்டால் இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்து, மூட்டு வலியும் சோர்வும் சேர்ந்தால் அது லூபஸாக இருக்கலாம். மச்சம் வடிவம் மாறினாலும், புண் ஒரு மாதமாக ஆறாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவையானால் அங்கிருந்தே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது பவுடர் போடாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பிடும் மாத்திரைகளையும் பூசும் கிரீம்களையும் ஒன்று விடாமல் பையில் எடுத்துப் போங்கள்.