முந்திரிகைக் கொடியைக் கத்தரித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணில், கிணற்று நீர் வசதியுள்ள வீட்டு வளவுகளில் முந்திரிகைக் கொடி நன்கு வளரும். எனினும், பந்தல் நிறைய இலை செழித்தும் ஒரு குலையேனும் காணாத வளவுகள் உண்டு. மண்ணையும் பசளையையும் குறை கூறுமுன் கமக்காரர் தம்மையே ஒரு கேள்வி கேட்டல் வேண்டும்: கொடியை உரிய காலத்திற் கத்தரித்தோமா?

காரணம்: சென்ற போகத்தில் வளர்ந்து முற்றிய கிளையின் கணுவிலிருந்து புறப்படும் புதுத் தளிரிலேதான் பூங்குலை தோன்றும். பழந்தண்டு கொடியைத் தாங்குமேயன்றிக் காய்க்காது. ஆகவே, வெட்டுக்கு அஞ்சுபவருக்கு நிழல் கிடைக்கும், பழம் கிடையாது.

காலம்: கத்தரித்து ஏறக்குறைய 4 மாதத்திற் பழம் கனியும். தை முற்பகுதியில் வெட்டினால் வைகாசித் தொடக்கத்தில் அறுவடை செய்யலாம். கொடிக்கு இரு கிழமை ஓய்வு கொடுத்து மீண்டும் வெட்டினால் புரட்டாதியிற் பழம் பெறலாம். அதற்கு மேலும் பிந்தினால் ஐப்பசி மழை குலையிற் படும்; பழம் வெடிக்கும், அழுகும்; நான்கு மாத உழைப்பும் வீணாகும்.

முறை: வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னர் நீரை நிறுத்துக. பென்சிற் பருமனுள்ள முற்றிய கிளைகளைத் தெரிந்து, இனத்திற்கேற்ப 3 முதல் 6 கணுக்கள் விட்டு, கூரிய கத்தரியால் வெட்டுக. நலிந்த கிளைகளை முற்றாக நீக்குக. பின்னர் மக்கிய எருவிட்டு நீர் பாய்ச்சுக. பழம் நிறம் மாறும்போது நீரைக் குறைத்தால் இனிப்பு மிகும். பறித்த பின் முந்திரிகை கனியாது. ஆதலின், கொடியிலேயே கனியவிடுக.

நோய்: இலையின் மேற்புறத்தில் எண்ணெய் பட்டாற் போன்ற புள்ளியும், அடியில் வெண்பூஞ்சணமும் தோன்றுமாயின் போடோக் கலவை தெளிக்க. துருசு 100 கிராமை 5 லீற்றர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை 5 லீற்றர் நீரிலும் வெவ்வேறாகக் கரைத்து, துருசு நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குக. உலோகப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்திப் பார்க்க. செம்பு நிறம் படிந்தால் இன்னுஞ் சிறிது சுண்ணாம்பு சேர்க்க. கலவையை அன்றே பயன்படுத்துக. கனிந்த குலையிற் படவிடாதீர்.

வெட்டிய கிளைகளையும் எறிந்துவிடாதீர். நான்கு கணுவுள்ள முற்றிய துண்டுகளை நாற்றுமேடையில் ஊன்றி நிழலும் ஈரமும் கொடுத்தால் வேர்விடும். உங்கள் வளவில் விழும் வெட்டு, அயலவர் வளவில் ஒரு பந்தலாகும்.