அலாரத்துக்குக் காத்திருக்காதே

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. செசபீக் விரிகுடாவில் உன் பாய்மரப் படகு நிற்கும் படங்களை அத்தையிடம் காட்டினேன். "இத்தனூண்டு படகில் எப்படிப் படுத்துத் தூங்குவான்?" என்றாள். எனக்குப் பிடித்தது அந்த மங்கலான படம்தான்: படகின் அடித்தரையில் சீகாக் வால்வு, அதிலிருந்து ஏறும் ரப்பர் குழாய், மேலே வடிகட்டி.

ஓடைவாயில் பாயை இறக்கி எஞ்சினைப் போட்டாய், சற்று நேரத்தில் அலாரம் அடித்தது. "உடனே அணைத்தேன், சரிதானே?" என்று கேட்டிருக்கிறாய். அணைத்தது சரி. அலாரம்வரை காத்திருந்தது தப்பு.

உன் எஞ்சினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. உள்ளே சுற்றிச் சுற்றி வருவது கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர். வெளியிலிருந்து பம்ப் இழுக்கும் கடல்தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து, படகின் பின்புறம் போய் விழுகிறது. டயல் காட்டுவது நல்ல தண்ணீரின் சூட்டை. அது அளவுமீறி ஏறி அலாரம் அடிப்பதற்குள், தண்ணீர் காணாத புகைக்குழாயின் ரப்பர் கருகத் தொடங்கிவிடும். பம்ப்புக்குள் இம்பெல்லர் காய்ந்து உரசிச் சிறகை உதிர்த்துவிடும். ஆகவே ஸ்டார்ட் செய்ததும் டயலைப் பார்க்காதே, பின்பக்கம் எட்டிப் பார். தண்ணீர் வழக்கம்போலத் துப்புகிறதா, சத்தம் வறண்டு கேட்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரியும். புகைக்குழாயின் சூட்டை உணரும் தனி அலாரமும் விற்கிறார்கள். ஒன்று வாங்கி மாட்டு.

கடல்தண்ணீர் உள்ளே வரும் வாய் விரிந்த கடலில் அடைப்பது அபூர்வம். புல்லும் சேறும் பிளாஸ்டிக் பையும் ஒதுங்குவது கரையோரத்தில். நீ பாயை இறக்கிவிட்டு எஞ்சினை மட்டும் நம்புவதும் அங்கேதான். எனக்கே பட்டுத் தெரிந்தது இது. கப்பலில் கடல்நீர் இழுக்க இரண்டு வாய் உண்டு. அடியில் ஒன்று, பக்கவாட்டில் சற்று மேலே ஒன்று. ஆழம் குறைந்தால் மேல்வாய்க்கு மாற்ற வேண்டும். ஹால்தியா போகையில், ஹூக்ளியில், நான்காம் எஞ்சினியராக இருந்த நான் மாற்ற மறந்தேன். வடிகட்டியைத் திறந்தால் குழைத்த களிமண். அன்று சீஃப் எஞ்சினியர் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

உன் வடிகட்டியில் கிடந்ததாக நீ எழுதிய கொழகொழப்பு சொறிமீன்தான். செசபீக்கின் நடுப்பகுதியில் கோடையில் அவை பெருகும். வெட்கப்படாதே. நம் கல்பாக்கம் அணுமின் நிலையமே சொறிமீனோடு மல்லுக்கட்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவ்லின் நிலையத்தில் நான்கு அணு உலைகள் சொறிமீன் கூட்டத்தால் நின்றுபோயின.

சொறிமீன் வழிந்து போய்விடும், கொட்டலசு போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் படகு சும்மா கட்டிக் கிடந்தால் கடல்தண்ணீர் வரும் ஓட்டையின் தொண்டைக்குள் ஒட்டி வளரும். கரையேற்றும்போது அடிப்பாகத்துக்குப் பூசும் பாசித்தடுப்பு பெயின்டை, பிரஷ் எட்டும்வரை அந்த ஓட்டைக்குள்ளும் பூசச் சொல். வெளியே சல்லடை வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் வேண்டாம் கட்சி. பையைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் அதன் பின்னால் கொட்டலசு குடியேறினால் உள்ளிருந்து குத்தித் தள்ள வழியில்லை. போட்டே ஆகவேண்டுமென்றால் அகப்பை மாதிரி முன்னோக்கித் திறந்ததைப் போடாதே. பாயில் வேகமாகப் போகும்போது தண்ணீரை உள்ளே தள்ளித் தள்ளி, நின்றுகொண்டிருக்கும் எஞ்சினையே மூழ்கடித்துவிடும்.

உன் படத்தில் வடிகட்டியின் மூடி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதுபோல் தெரிகிறது. அப்படியானால் உனக்கு யோகம். வால்வைத் திறந்து வைத்தே மூடியைக் கழற்றலாம், படகு முழுகாது. குழாய் நேராக இறங்கினால் ஒரு கம்பியை விட்டு வால்வு வழியாக அடைப்பை வெளியே தள்ளிவிடலாம். வளைந்து போனால் குழாயை வடிகட்டிப் பக்கம் கழற்றி டிங்கிக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் ஊது. மூடியின் ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவு; அங்கே காற்றுப் புகுந்தால் எல்லாம் சுத்தமாக இருந்தும் தண்ணீர் ஏறாது. இந்த வேலையைக் கட்டித்துறையில் நிற்கும்போதே இரண்டு மூன்று முறை செய்து கை பழக்கிக்கொள். வால்வை மாதம் ஒருமுறையாவது திருப்பு, இல்லாவிட்டால் இறுகிவிடும். மூடிய நாளில் எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போ. மறதி எல்லோருக்கும் உண்டு.

இனி முக்கியமானது. அன்றைக்கு உன் பம்ப் காய்ந்து ஓடியிருக்கிறது. அதைத் திறந்து இம்பெல்லரை எடு. சிறகு ஏதேனும் போயிருந்தால் அந்தத் துண்டு மறையாது. சூடு மாற்றும் கலத்தின் வாயில் போய் உட்கார்ந்து அடுத்த அடைப்புக்குக் காத்திருக்கும். எத்தனை சிறகு குறைகிறது, எத்தனை துண்டு கிடைத்தது என்று எண்ணி எனக்கு எழுது. இரண்டு கணக்கும் ஒத்துவரும்வரை படகை எடுக்காதே.

அன்புடன்,
மாமா