புறா மீண்டும் பறந்தது

திருப்பதி கோயில் கோபுரங்களில் புறாக்களைப் பார்த்திருப்பீர்கள். இது ஒரு புறாவின் கதை.

கல்கத்தாவில் ஒரு சிறுவன் புறா வளர்த்தான். அதன் பெயர் சித்ரகிரீவன். ‘வண்ணக் கழுத்து’ என்று பொருள். முதல் உலகப் போர் வந்தது. புறா பிரான்சு நாட்டுக்குப் போனது. போர்க்களத்தில் கடிதம் சுமந்தது. அடிபட்டுத் திரும்பியது.

காயம் ஆறியது. பயம் ஆறவில்லை. புறா பறக்க மறுத்தது. இமயமலை மடத்தில் துறவி ஒருவர் பரிவோடு பயத்தைப் போக்கினார். புறா மீண்டும் பறந்தது.

குழந்தைகளுக்காக இதை எழுதியவர் தன்கோபால் முகர்ஜி. நூல் 1927இல் வந்தது. 1928இல் அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்றது.

பயந்த பிள்ளையை அதட்டாதீர்கள். அருகில் உட்காருங்கள். இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

பேசுவோம்:
1. புறா ஏன் பறக்க மறுத்தது?
2. பயந்த பிள்ளைக்கு நாம் எப்படித் தைரியம் தரலாம்?