நெடுங்கல்லும் நடுகல்லும்

அசையாது நிற்பவனைக் 'குத்துக்கல்லாட்டம் நிற்கிறான்' என்று நம் பக்கத்தார் சொல்வர். கொங்கு நாட்டில் கல் நடுவது அன்றாடச் செயல். தோட்டத்து வேலிக்குக் கல்லுக்கால் நடுகிறோம். எல்லைக்குக் கல் நடுகிறோம். அடக்கத்தலத்தில் தலைமாட்டில் மீசான் கல்லையும் நடுகிறோம். இவற்றின் நோக்கம் வெவ்வேறாயினும் வினைச்சொல் ஒன்றே. இத்துணைக் கற்களுக்கிடையே, 2,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தோர்க்கென நட்ட கல்லொன்று நின்றால் அதனைப் பிரித்தறிவது எங்ஙனம்? அறியாமல் அதனைப் பெயர்த்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் இட்டுவிட்டால் மீட்பது எங்ஙனம்? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

நம் சாமளாபுரத்தைத் தொட்டுச் செல்லும் நொய்யலாறு திருப்பூரைக் கடந்து கிழக்கே செல்கிறது. அதன் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு முதல் இங்கு அகழாய்வு நிகழ்த்தினர். பிற நிறுவனங்களும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் பின்னர்த் தொடர்ந்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் மட்டும் 500க்கு மேல் கிடைத்துள்ளன. ஊரையடுத்த ஈமக்காடு சுமார் 100 ஏக்கர்ப் பரப்புடையது. நிலத்துள் பலகைக் கற்களால் அமைத்த கல்லறை, அதன் ஒரு பக்கக் கல்லில் வட்டமான இடுதுளை, மேலே கற்குவை, சுற்றிக் கல்வட்டம் என்பன அங்குக் காணப்படும் அமைப்புகள். நெடுங்கல்லும் அங்கு உண்டு. ஒரு கல்லறையுள் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன என்றால், இறந்தோர்க்கு அக்காலத்தார் அளித்த மதிப்பை உணரலாம்.

கல் நடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் சாலிசுபரிச் சமவெளியில் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் உலகறிந்தது. அதன் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டவை. அதற்கு வடக்கே ஏவ்பரி என்னும் இடத்தில் உள்ள கல்வட்டம் ஒரு சிற்றூரின் பகுதியையே தன்னுள் அடக்கியது. ஒப்புமை கண்டவுடன், ஆங்கில நாட்டார்க்குக் கல் நடக் கற்பித்தவர் தமிழரே என்று எழுதிவிடும் ஆர்வம் சிலரிடம் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. கொடுமணற் கல்லறைகளுக்கும் ஸ்டோன்ஹெஞ்சுக்கும் ஏறத்தாழ 2,000 ஆண்டு இடைவெளி உள்ளது. இறந்தாரை மறவாதிருக்கக் கல்லை நாடுதல் மாந்தர்க்குப் பொதுவியல்பு என்பதே பொருந்தும்.

ஒப்புமையினும் வேறுபாடே நமக்குப் பயன்தருவது. ஸ்டோன்ஹெஞ்சை எழுப்பியோர் எம்மொழி பேசினர், அக்கற்களை எப்பெயரால் அழைத்தனர் என்பதை எவரும் அறியார். அவர்கள் எழுத்தொன்றும் விட்டுச் செல்லவில்லை. கல் பேசாத இடத்தில் ஆய்வாளர் ஊகித்துப் பேச வேண்டியுள்ளது. நமக்கோ கல் நடுதலுக்கு இலக்கணமே உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதனை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டபின் போற்றுவது வரை ஒவ்வொன்றுக்கும் துறைப்பெயர் அமைந்துள்ளது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைப் பெயர்களை இவற்றோடு வைத்து நோக்குக.

அக்காண்டத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்கென இமயத்திலிருந்து கல் கொணர்கிறான். இதனைக் காப்பியக் கற்பனை என்று கடந்துவிடுவோர் பலர். நாம் அதனை வரலாற்று நிகழ்ச்சியாக நிலைநாட்ட முற்படவில்லை. எனினும், ஸ்டோன்ஹெஞ்சின் நீலக்கற்கள் 200 கி.மீ.க்கு அப்பாலுள்ள வேல்சு நாட்டு மலைகளிலிருந்து வந்தவை. அதன் நடுவே கிடக்கும் பலிபீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, 700 கி.மீ. கடந்து வந்தது என 2024இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அருகில் கல் இருந்தும் தொலைவிலிருந்து கொணர்ந்தனர். கல் எங்கிருந்து வந்தது என்பதும் அதன் பெருமையில் ஒரு கூறு என்னும் எண்ணம் இளங்கோவடிகளுக்கு மட்டும் தோன்றியதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பெருங்கற்காலத்து நெடுங்கல்லும் வீரனுக்கு எடுத்த நடுகல்லும் முற்றும் ஒன்றல்ல. முன்னது எழுத்தில்லாதது, பெரும்பாலும் ஈமக்காட்டில் நிற்பது. பின்னது பெயரும் பீடும் எழுதப்பெறுவது. இரண்டையும் இணைக்கும் கண்ணி நெடுங்காலம் கிட்டவில்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த 3 நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஆநிரை கவர்தலைக் குறிக்க இலக்கண நூலார் ஆண்ட 'ஆகோள்' என்னும் சொல்லே கல்லிலும் உள்ளது. வகுப்பறையில் துறை விளக்கமாக மனப்பாடம் செய்யும் சொல் ஒருவனது இறப்பைச் சுட்டி நிற்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது.

சான்றில் நாம் செல்வர், காப்பில் வறியர். ஆங்கில நாட்டாரும் தொடக்கத்தில் காத்தவரல்லர். ஏவ்பரியின் கற்களை நெருப்பிட்டுச் சூடேற்றி, நீரூற்றிப் பிளந்து வீடு கட்டினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஸ்டூக்லி அவ்வழிவைக் கண்டு படம் வரைந்து குறித்து வைத்தார். 1882இல் தொல்சின்னக் காப்புச் சட்டம் வந்தது. 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் விழுந்தும் புதைந்தும் கிடந்தவற்றை மீண்டும் நிறுத்தியபோது ஸ்டூக்லியின் குறிப்புகள் துணையாயின. சட்டத்துக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஏட்டில் எழுதியது பயன்பட்டது என்பது கருதத்தக்கது.

தமிழகத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அறிவிக்கப்பட்ட இடத்தையே அது காக்கும். யாரும் எழுதிவையாத கல் அதன் எல்லைக்குள் வாராது. கொங்கில் உழவும் கல்லுடைப்பும் மனைப்பிரிவும் ஈமக்காடுகளை ஆண்டுதோறும் குறைத்து வருகின்றன. எனவே தமிழ் பயிலும் மாணவர் விடுமுறையில் தம் ஊர்ப் புறத்தே ஒருமுறை சுற்றிவரலாம். நெடுங்கல் கண்டால் பெயர்க்கவோ அடியில் தோண்டவோ வேண்டா. உயரம், அகலம், முகம் நோக்கும் திசை, அருகில் கல்வட்டம் உண்டா என்பவற்றைக் குறித்துப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புதல் போதும். கல் பெயர்க்கப்பட்ட பின்னும் 'குத்துக்கல் காடு', 'பாண்டியன் குழி' போன்ற பெயர்கள் முதியோர் நாவில் எஞ்சியிருக்கக்கூடும். அவர்கள் எக்காட்டைச் சுட்டி அப்பெயரைச் சொல்கிறார்கள் என்பதையும் உடன் எழுதிக்கொள்க.