கணினிக்குள் பல்லி

போன செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் இருக்கும் பழைய மேசைக் கணினிக்குள் "டக்... டக்... டக்..." என்று ஒரு சத்தம். அம்மா முதலில் பல்லி என்றே நினைத்தாராம். "இஞ்சினியரிங் படிக்கிறல்ல, என்னன்னு பாருடா" என்றார். அதற்கப்புறம் எனக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

கணினிக்குள் அசையும் பொருள்கள் கொஞ்சம்தான்: காற்றாடிகள், ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ். சத்தத்தின் ஜாதியைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். காற்றாடியின் பேரிங் தேய்ந்தால் கரகரவென்று இரையும். ஏதாவது ஒயர் இறக்கையில் உரசினால் டர்ரென்று அடிக்கும், காற்றாடி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். கேம் விளையாடும்போது மட்டும் கொசு மாதிரி ரீங்காரம் கேட்டால், அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலோ பவர் சப்ளையிலோ உள்ள மின்சுருள் அதிர்வது. எரிச்சலாக இருக்கும், ஆனால் பொதுவாக ஆபத்தில்லை.

நான் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. காற்றாடிதான் என்று முடிவு கட்டி, தூசி தட்டி மூடினேன். சத்தம் நின்றது. ஒரு நாள் முழுக்க வீட்டில் எனக்கு ராஜ மரியாதை! மறுநாள் மறுபடியும் டக்... டக்...

இந்த முறை ஒழுங்காகத் தேடினேன். ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பின்பக்கக் காற்றாடியின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். சத்தம் போகவில்லை. (ப்ராசஸர் மேலிருக்கும் காற்றாடியை இப்படிக் கழற்றி ஓட்டாதீர்கள், சூடேறிவிடும். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.) பிறகு டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாயை ஒரு காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பாகத்துக்கும் அருகே கொண்டுபோனேன். ஹார்ட் டிஸ்க் பக்கம் போனதும் குழாய்க்குள் டக்!

எங்கள் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும், அதாவது நொடிக்கு 120 முறை. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில் மிதக்கும். படிக்க வேண்டிய இடம் பிடிபடாவிட்டால் அது பின்வாங்கி மறுபடி முயலும். அந்த டக் சத்தம் அதுதான். முனை தட்டில் உரச ஆரம்பித்திருந்தால், ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் சேதம்தான். நானோ காரணம் தேடுகிறேன் பேர்வழி என்று அதற்குள் ஏழெட்டு முறை போட்டுப் போட்டு நிறுத்தியிருந்தேன்.

அப்பா வந்து நின்றார். "அக்கா கல்யாண வீடியோ அதுலதானே இருக்கு? தாத்தா பேசுனது வேற எங்கயும் இல்லடா."

கை அப்படியே நின்றுவிட்டது. சோதனையெல்லாம் போதும் என்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, முதலில் கல்யாண ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தேன். முக்கால் மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. தாத்தா வந்துவிட்டார். அடுத்து தங்கச்சியின் பள்ளிப் படங்கள். பாதி நகலானபோது டிஸ்க் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. அதற்குப் பிறகு அது சுற்றவே இல்லை.

தூசி தட்டிய அன்றைக்கே நகலெடுத்திருந்தால் மீதிப் படங்களும் வந்திருக்குமோ என்னவோ. தங்கச்சி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.